கடைவாசலிற் கேட்டவை

மலராசிரியர் என்னிடம் கல்லூரி நினைவுகளையே எழுதித் தருமாறு கேட்டார். யான் எழுதப் புகுந்ததோ கனடாவிலுள்ள ஓர் அராபியச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி. இரண்டும் எனக்கு ஒன்றாகிப்போன வரலாற்றை இனிக் கூறுவேன். பொருத்தம் காணாத அன்பர்கள் என்னை விட்டு மலராசிரியரை நோவார்களாக.

ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் லோறன்ஸ் கிழக்கு வீதி என்னும் நெடுவீதியொன்று உண்டு. விக்ரோறியா பார்க் வீதிச் சந்தியைக் கடந்து கிழக்கே சென்றால் அராபியரின் பலசரக்குக் கடைகளும் வெதுப்பகங்களும் இனிப்புக் கடைகளும் இருமருங்கும் காணப்படும். அவற்றிடையே ஒடுங்கிக் கிடப்பது யான் கூறவந்த கடை. உள்ளே எண்மர் நின்றால் ஒன்பதாமவர் வெளியே பனியில் நிற்கவேண்டும். இருந்துண்ண இடமில்லை, வாங்கினோமா, வெளியேறினோமா என்பதே அங்குள்ள ஒழுங்கு. விற்பன ஷவர்மாவும் ஃபலாஃபலும், விலையும் மலிவு.

மசாலை ஊட்டிய இறைச்சித் துண்டங்களை நெடிய கம்பியில் ஒன்றன்மேலொன்றாகக் குத்தி, அனலின் முன்னே சுழலவிட்டு, வெந்த புறத்தை அவ்வப்போது சீவி ரொட்டியிற் சுற்றித் தருவது ஷவர்மா. சுழற்றுதல் எனப் பொருள்படும் துருக்கிச் சொல்லின் திரிபே அப்பெயர். சைவ போசனியாகிய எனக்கு அதனோடு வழக்கொன்றுமில்லை. என் உறவெல்லாம் ஃபலாஃபலோடுதான். கடலையை இரவு முழுதும் ஊறவைத்து, அவியாமலே அரைத்து, வெங்காயம், உள்ளி, கொத்தமல்லியிலை, நற்சீரகம் முதலியன கூட்டி, உருட்டி எண்ணெயிற் பொரிப்பர். அவித்த கடலையை அரைத்தால் உருண்டை எண்ணெயிற் சிதறிப்போகும். இவ்வுருண்டைகளை ரொட்டிக்குள் வைத்து, அரைத்த எள்ளின் குழம்பை ஊற்றி, பீற்றூட்டோடு ஊறிச் சிவந்த கிழங்குத் துண்டங்களையும் சேர்த்து மடித்துத் தருவர். முதன்முதல் அதனைக் கடித்த அன்று, நமது கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையின் பருப்பு வடையே என் நினைவில் எழுந்தது. வடையைப்பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

வரிசையில் நிற்போர் வாளாவிருப்பதில்லை. கடையைப்பற்றி ஒவ்வொருவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. 54-ஆம் இலக்கப் பேருந்துச் சாரதியொருவர், ஒரு கையாற் பிடித்து உண்ணலாம், சட்டையிற் சிந்தாது என்பதையே இதன் முழுமுதற் சிறப்பாகக் கொள்வார். எகிப்து தேசத்து வாடகைக்கார்ச் சாரதியொருவர், கடலையிற் செய்வது ஃபலாஃபலே அன்று என்று வாரந்தோறும் தீர்ப்புக் கூறுவார். அவர் நாட்டில் அவரையினத்துப் பெரும்பயற்றைக்கொண்டே அதனைச் செய்து, தாமியா என்று வழங்குவர். இத் தீர்ப்பைக் கூறிக்கொண்டே வாரத்தில் மூன்று முறை வாங்கிச் செல்வார். லெபனான் தேசத்து முதுபெண்மணியொருவர் உள்ளிக் களியை மட்டுமே சோதிப்பார். உள்ளியையும் உப்பையும் அரைத்து, எலுமிச்சஞ்சாற்றோடு எண்ணெயைத் துளித்துளியாக விட்டு வெண்ணெய்போலத் திரட்டுவது அது. அவசரப்பட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். "இன்று பிரிந்திருக்கிறது" என்று அவர் கூறும்போது கடைக்காரரின் முகம் பரீட்சையிற் தவறிய மாணவன் முகம்போல் ஆகும். நம்மூர் அம்மையார் ஒருவர் உறைப்புப் போதாது என்று குறைகூறி, கைப்பையிலிருந்து பச்சைமிளகாய் எடுத்துக் கடித்துக்கொள்வார். மாணவர்களுக்கோ ஒன்றே கேள்வி: ஐந்து டொலருக்கு எத்தனை உருண்டை?

நான்கு உருண்டை என்பது நெடுநாள் வழக்கம்.

கடைக்காரர் அலெப்போ நகரத்தவர். 2015 நவம்பர் முதல் 2016 பெப்ரவரி முடியக் கனடா 25,000-க்கு மேற்பட்ட சிரிய அகதிகளை ஏற்றுக்கொண்டது. அவரும் அக்காலத்தில் வந்தவரே. முதலில் மாமனாரின் உதவியாளாக நின்று, பின்னர் கடையைத் தாமே பொறுப்பேற்றார். என்னை அவர் "அம்மோ" என்று அழைப்பார். தந்தையின் உடன்பிறந்தாரை அவர்கள் அவ்வாறு அழைப்பது வழக்கம். 2018-ஆம் ஆண்டில் ஒருநாள், கிப்பே என்னும் இறைச்சி உருண்டையையும் இதே எண்ணெயிற்தானோ பொரிக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டேன். ஆம் என்றார். மறுமொழி கூறாது வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். பத்து நாட் கழிந்து அவ்வழியே போகையில் உள்ளிருந்து கூப்பிட்டார். ஃபலாஃபலுக்கென்றே புதிதாக ஒரு சிறு சட்டி அடுப்பில் இருந்தது. மகிழ்ந்தேன், என்போன்ற சைவ நண்பர் நால்வருக்கும் சொன்னேன், அவர்களும் வரத் தொடங்கினர். அதன்பின் அச்சட்டியை யான் மறந்துபோனேன்.

2022-ஆம் ஆண்டின் வேனிலில் நான்கு உருண்டை மூன்றாயிற்று, விலை மாறவில்லை. வரிசை நிறைந்திருந்த நேரத்தில் ரொட்டியை விரித்துப் பார்த்து, "நான்கு மூன்றாகிவிட்டதே!" என்று உரத்துச் சொன்னேன். நகையாகவே சொன்னேன் என்று இப்பொழுது சொல்லிக்கொள்ளலாம், அன்று அப்படியன்று. மாணவர்கள் என்னைப் பற்றிக்கொண்டு ஆரவாரித்தனர். எகிப்தியரும் தம் பங்குக்கு ஒன்று சொன்னார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் என் ரொட்டியில் மட்டும் நான்காவது உருண்டையொன்றை வைத்தார். யான் அதனை வாங்கி உண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சில வாரங்கள் கழிந்து, மழைபெய்த ஒரு பிற்பகலில், கடையில் வேறெவரும் இல்லாத வேளை சென்றேன். அவர் எண்ணெய்த் தகரத்தைச் சாய்த்துச் சிறு சட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். எண்ணெய் விலையைப்பற்றிப் பேச்சு வந்தது. 2021-இல் கனடாவின் மேற்குச் சமவெளியில் மழை பொய்த்து எண்ணெய்க் கடுகினமாகிய கனோலா விளைச்சல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் உக்ரேனில் மூண்ட பெரும்போர் சூரியகாந்தி எண்ணெய் வரும் வழியை அடைத்தது. ஏப்ரலில் இந்தோனேசியா பாம் எண்ணெய் ஏற்றுமதியைச் சில வாரங்கள் தடுத்தது. உலகில் எங்கு எது நிகழினும் அது இச்சிறு சட்டியில் வந்து விழுகிறது.

"இரண்டு சட்டி என்றால் இரண்டு மடங்கு எண்ணெய், அம்மோ. பெரிய சட்டியிலேயே எல்லாவற்றையும் போட்டால் நான்காவது உருண்டையைத் திரும்ப வைக்கலாம். சின்னச் சட்டி உங்களுடையது. நிறுத்தட்டுமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார். அவர் குரலிற் குத்தல் சிறிதுமில்லை. மெய்யாகவே என் சொல்லுக்காகக் காத்து நின்றார்.

எனக்கு அப்பொழுது நினைவில் வந்தது 1973-ஆம் ஆண்டு.

அக்காலத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் பருப்பு, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயத் தோட்டக்காரருக்கு அது நல்ல காலம். பருப்பு வடை சுடுவார்க்கோ பஞ்சகாலம். நமது சிற்றுண்டிச்சாலையை அந்நாளில் நடத்தியவர் தீவுப்பகுதியைச் சேர்ந்த முதியவர். ஐயா என்றே அனைவரும் அழைப்போம். வேறு பெயர் அவருக்கிருந்ததை யான் விசாரித்ததில்லை. விலையை உயர்த்த மனமின்றி அவர் வடையைச் சிறிதாக்கினார். பூதக்கண்ணாடி கொண்டுவாருங்கள் என்று விடுதி மாணவர் கேலி செய்தனர். அதிபருக்கு மனுவொன்று அனுப்புவதெனத் தீர்மானமாயிற்று. என் கையெழுத்து அழகியது; தமிழும் ஓரளவு ஓடும். ஆகவே மனுவை யானே எழுதினேன். வடை வளர்பிறையாயிருந்து தேய்பிறையான வரலாற்றை ஒன்றரைப் பக்கத்தில் வருணித்திருந்தேன். அறுபத்திருவர் ஒப்பமிட்டனர்.

அதிபர் என்னை அழைத்தார். "இஃது உமது எழுத்தோ?" என்றார். "ஓம், சேர்" என்றேன். "தமிழ் நன்றாயிருக்கிறது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அதனைப் புகழ்ச்சியென்றே பலகாலம் எண்ணியிருந்தேன். அடுத்த தவணை சிற்றுண்டிச்சாலையில் வேறொருவர் நின்றார். ஐயா எங்கே போனார் என்று கேட்டோமில்லை. புதியவரின் வடை அதனினும் சிறியது. அதற்கு மனு எழுதுவார் எவருமிலர். வடைமீதிருந்த நாட்டம் அதற்குள் கிரிக்கெற் பருவத்தின்மீது போய்விட்டது.

லோறன்ஸ் வீதிக்குத் திரும்புகிறேன். "நிறுத்தவேண்டாம்" என்றேன். சட்டியை விட்டுக்கொடுக்க என் நெஞ்சம் இசையவில்லை. இனி எனக்கு மூன்றே போதும் என்றும் சொன்னேன். பின்னொருநாள் மாணவர் மூன்றைப்பற்றி முணுமுணுத்தபொழுது, வரிசையில் நின்றவாறே அவர்களுக்குச் சிறு சட்டியின் கதையைக் கூறினேன். முழுவதையும் கேட்டபின் அவர்களுள் ஒருவன், "அப்படியானால் உங்கள் சட்டிக்கு நாங்கள் ஏன் பணம் கொடுக்கவேண்டும், ஐயா?" என்று மரியாதையோடு கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சொல்லத்தக்க மறுமொழி அன்றும் என்னிடமில்லை, இன்றுமில்லை. பேருந்துச் சாரதியோ, தமக்கு ஒரு கையிற் பிடிக்க மூன்றே வசதி என்றார்.

இப்பொழுது விலை ஏழு டொலர்; உருண்டை மீண்டும் நான்கு. விலையைப்பற்றிய அபிப்பிராயங்கள் தொடங்கிவிட்டன. உள்ளிக் களி சென்ற வாரம் பிரிந்திருந்ததாகக் கேள்வி.

இந்த மலர் பல கைகளுக்கும் போகும். 1973-இல் நம் சிற்றுண்டிச்சாலையில் வடை சுட்ட அந்த ஐயாவின் பெயரையோ ஊரையோ, அவர் மக்கள் இருக்குமிடத்தையோ அறிந்தவர் எவரேனும் உளராயின் மலராசிரியர் வாயிலாக எனக்கு ஒருவரி எழுதவேண்டுகிறேன். அம்மனுவில் முதல் ஒப்பம் என்னுடையது. ஏனைய அறுபத்தொன்றுள் இருபதுபேரின் பெயராவது எனக்கு இன்னும் நன்றாக நினைவிலிருக்கிறது. அவர்கள் இதனை வாசிப்பார்கள் என்றே நம்புகிறேன்.