கழுவாம மூடாதீங்க: ஃபைபர் வள்ளமும் ஒரு கண்ணும்

1/ கட்டுமரத்துக்கு ஒழுக்கு என்கிற வியாதியே கிடையாது. கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. தண்ணி இடுக்கு வழியா வரும், வந்த வழியே போகும். கரை வந்ததும் கட்டைகளை மணலில் காயப் போட்டால் போதும். ஒழுக்கெல்லாம் வள்ளத்துக்குத்தான்.

2/ நம்ம மாவட்டத்தில் 1980களில் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்ட ஆரம்பித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் வள்ளங்கள் நிறைய வந்தன. அந்த வள்ளங்களுக்கு இப்போ 20 வயசு தாண்டியாச்சு. அலையடிக்கிற கரையில் மோதி, மணலில் இழுபட்டு, அமரத்தில் மாட்டின இஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து, வெடிப்பு விழாமல் எப்படி இருக்கும்?

3/ இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஓ.பி.க்கு ஒரு அண்ணன் கண்ணைப் பொத்திக்கிட்டு வந்தார். வள்ளத்துக்கு ஒட்டுப் போடுகிறவர். ஹார்டனர் கண்ணில் தெறித்திருக்கிறது. யாரோ தாய்ப்பால் விட்டு, துணி கட்டி, கூட்டிக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. "தண்ணி ஊத்தினா பரவிரும்னு சொன்னாவ, டாக்டரே" என்றார். கருவிழி வெந்து வெளுத்திருந்தது. கழுவி, கண் பிரிவுக்கு அனுப்பினோம். அந்தக் கண்ணில் பார்வை முழுசாகத் திரும்பவில்லை.

4/ பிறகு ரெவ்யூக்கு வரும்போதெல்லாம் அவரிடம் வள்ள வைத்தியம் கேட்டுக்கொண்டேன். முதலில் நோய் கண்டுபிடிக்கணும். கரையில் ஏற்றின வள்ளத்துக்குள் தண்ணி ஊற்றி, வெளியே எங்கே வியர்க்கிறது என்று பார்த்து சாக்கட்டியால் வட்டம் போடுவார். வெளியே வெடிப்பு ஓரிடம், உள்ளே ஒழுகுவது வேறிடம். அடுக்குகளுக்கு நடுவில் தண்ணி நடந்து போயிடும். இதயத்துக்கு வருகிற வலி இடது கையில் தெரிகிற மாதிரி.

5/ அடுத்து, வெடிப்பைச் சுற்றி சாணை பிடித்துச் சரிவாகத் தேய்க்கணும். ஒரு சென்டிமீட்டர் கனம் என்றால் இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 12 சென்டிமீட்டர். சின்ன வெடிப்புக்கு இவ்வளவா என்று கேட்டேன். இறுகிப்போன பழைய ரெசினோடு புது ரெசின் வேதியியலாகச் சேராது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் பிடிக்கிற பரப்பு அகலமாக வேணும்.

6/ பிறகு நல்ல தண்ணியில் உப்புப் போகக் கழுவி, சில நாள் காய வைத்து, அசிட்டோனால் துடைத்து, அப்புறம்தான் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும். காற்றுக் குமிழி நிற்காமல் ரோலரால் உருட்டணும்.

7/ அவசரக்காரர்கள் பட்டி பூசி, பெயின்ட் அடித்து, மறுநாளே கடலுக்குப் போவார்கள். உப்பும் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அழுக்குப் புண்ணைத் தையல் போட்டு மூடினால் என்ன ஆகுமோ அதேதான். மேலே பளபளப்பு, உள்ளே சீழ். பழைய ஃபைபரில் கொப்புளம் வரும் பார்த்திருக்கீங்களா? குத்தினால் புளிச்ச வாடையோடு நீர் வரும். எங்க பாஷையில் சொன்னால் கட்டி. கரையிலேயே ஒட்டு விட்டால் பரவாயில்லை. நடுக்கடலில், ராத்திரியில் விட்டால்?

8/ வள்ளத்துக்கு இவ்வளவு பொறுமையாகச் செய்கிற மனுஷன், தன் கண்ணுக்குக் கண்ணாடி போடவில்லை. இனி வருவது டாக்டராக நான் சொல்வது.

9/ ஹார்டனர் என்பது எம்.இ.கே.பி. என்கிற பெராக்சைடு. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் போதும். கொஞ்சம்தானே என்று நினைக்காதீங்க. கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே, எந்த நல்ல தண்ணி கிடைத்தாலும், இமையை விரித்துப் பிடித்து குறைந்தது 20 நிமிஷம் ஊற்றுங்க. பரவாது, வெளியேறும். தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். கழுவின பிறகு ஆஸ்பத்திரி. வலி போனாலும் வரணும், வருஷக்கணக்கு கழித்துக் கருவிழி கெட்டவர்கள் உண்டு.

10/ அது பார்க்கத் தண்ணி மாதிரியே இருக்கும். பழைய தண்ணி பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீங்க. தாகத்தில் ஒரு மடக்கு குடித்தால் உணவுக்குழாய் வெந்துவிடும், உயிரே போகலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க, நேரே தூக்கிட்டு வாங்க.

11/ கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். வேலை காற்றோட்டமான இடத்தில். சாணை பிடிக்கும்போது துண்டைக் கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வேணும்.

12/ உங்களுக்கு வள்ளக்காரர் யாரையாவது தெரியும் என்றால், 9, 10 இரண்டையும் மட்டுமாவது அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க.