நள்ளிரவுச் சாலையில் எதிர்ப்படுபவர்

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், உள்ளே ஒரகடம் என்று நீளும் ஆலைப் பகுதியில், மனநிலை பிறழ்ந்து திரியும் அந்நியர் ஒருவர் நள்ளிரவில் எதிர்ப்படுவது பெரும்பாலும் இரண்டாம் ஷிப்டு முடிந்து அறைக்கு நடந்து போகிறவர்களுக்கே நேர்கிறது. பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து சர்வீஸ் ரோடு வழியாகவோ ஏரிக்கரையை ஒட்டிய பாதை வழியாகவோ வாடகை அறைக்குப் போக வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு பைக் இருக்கும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட, 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதி போன்ற இடங்களில் தங்குகிறவர்களுக்குக் கூட்டமே துணை. தனியாக நடப்பவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கிருந்தோ வந்து, ஒரே அறையில் ஐந்தாறு பேரோடு தங்குகிறவர். பாஸ்போர்ட் எடுக்காமல் வந்திருந்தாலும் போர்டு படிக்கத் தெரியாத ஊர் அவருக்கு வெளிநாடுதான். ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன் தமிழக அரசு எடுத்த கணக்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் அதிகம் இருந்த மாவட்டம், அன்றைய காஞ்சிபுரம்.

இருட்டில் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒரே காட்சி. மேம்பாலத்தின் அடியிலோ, அடைத்துவிட்ட டீக்கடையின் பெஞ்சிலோ ஓர் உருவம். சித்திரை மாதத்துப் புழுக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டை, அதற்கு மேல் கிழிந்த ஸ்வெட்டர். பக்கத்தில் ஓர் உரச்சாக்கு. உள்ளே காலி பாட்டில், பழைய பேப்பர், கயிற்றுத் துண்டு. முடி சடை பிடித்திருக்கும். காலில் ஆறாத புண் இருக்கும். யாரிடமோ ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவர், செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். சில நேரம் கையில் கல் இருக்கும். லாரி வெளிச்சம் மேலே விழுந்து நகரும் அந்த ஒரு நொடிதான் முகம் தெரியும். வருகிறவருக்கு அடிவயிறு கலங்கிவிடும். ஓடினால் துரத்துவாரா, நின்றால் அடிப்பாரா, கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று ஒன்றும் ஓடாது. பயந்தவரைக் குறை சொல்ல இதில் எதுவுமே இல்லை.

எதிரில் நிற்பவரின் நிலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நொடி முழுசாகப் புரியும். சாலையில் திரிகிறவர்களில் பலரை வாட்டும் மனச்சிதைவு நோயில், இல்லாத குரல்கள் காதில் கேட்கும். அவை திட்டும், மிரட்டும், சில சமயம் கட்டளையிடும். தன்னைக் கொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் ஆணி அடித்தது போல் மனத்தில் இறங்கியிருக்கும். வெட்டவெளியில் படுத்துக் கிடக்கும்போது நிஜமாகவே அடித்தவர்கள், தண்ணீர் ஊற்றியவர்கள், சாக்கைப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. அதனால் அந்தச் சந்தேகத்துக்கு இரவுதோறும் சாட்சி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கையில் உள்ள கல் பெரும்பாலும் தற்காப்புக்கு. கடுமையான மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை என்பதும், அவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம் என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குள் தலைகாட்டுகிறது. வேலை தேடி ஊரைவிட்டுக் கிளம்பும் வயதும் அதுதான். நார்வே நாட்டு மருத்துவர் ஓர்நுல்வ் ஓதகோர்ட் 1932-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களிடம் இந்த நோய் சொந்த நாட்டில் இருப்பவர்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டினார். நோய்க்கான கூறு உள்ளவர்களே ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள் என்பது அவர் சொன்ன விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகள், போய்ச் சேர்ந்த இடத்தின் தனிமைக்கும் ஒதுக்கலுக்கும் கூடுதல் பொறுப்பைக் கொடுத்தன. தண்டலத்தில் பன்னிரண்டு மணி நேர வேலை, மாறி மாறி வரும் ஷிப்டு, கெட்டுப்போன தூக்கம், மனம்விட்டுப் பேச ஆளில்லாத நிலை ஆகியவற்றைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது விளக்கமே மனத்துக்கு ஒப்பும்.

ஆனால் இரவில் எதிர்ப்படுகிற எல்லோருமே பல வருட நோயாளிகள் அல்ல. சிலர் நேற்றுவரை நன்றாக இருந்தவர்கள், ரயிலில் வந்து இறங்கியவர்கள். இதைப் பற்றித்தான் ஊருக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிறது.

தினமும் குடித்துப் பழகிய ஒருவர் திடீரென்று நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அது வேறு உருவம் எடுக்கும். இடமும் நேரமும் குழம்பிவிடும். உடம்பில் பூச்சி ஊர்வது போலிருக்கும், சுவரில் ஆட்கள் தெரிவார்கள், சுற்றியிருப்பவர்கள் எல்லாம் கொல்ல வந்தவர்களாகத் தோன்றுவார்கள். பொழுது சாய்ந்தபின் எல்லாமே கூடும். இனி இதை ரயில் பயணத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஹவுராவிலிருந்து சென்னைக்கு 1,660 கிலோமீட்டர். வேகமான ரயிலுக்கே ஒரு நாளுக்கு மேல். அஸ்ஸாமிலிருந்து என்றால் இரண்டு நாளையும் தாண்டும். முன்பதிவு இல்லாத பெட்டியில் உட்காரவே இடமில்லை, தூக்கம் ஏது? கழிவறைக்குப் போக வழியில்லாததால் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. சாராயத்துக்கும் வழியில்லை. நோய் உச்சத்துக்கு ஏறும் மணியும் ரயில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் மணியும் ஒன்றாகிவிடுகின்றன. பயந்துபோனவர் பெயர் தெரியாத ஸ்டேஷனில் இறங்கி, கால் போன போக்கில் நடக்கத் தொடங்குகிறார். பையும் போனும் கூட வந்தவர்களும் ரயிலோடு போய்விடுவார்கள்.

மதுப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் இது நேர்வதுண்டு. இந்தியாவில் நீண்ட ரயில் பயணத்தின் நெருக்கடியில் ஒருவருக்குப் புத்தி பேதலித்த கதை, 1961-லேயே அமெரிக்க உளமருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரையாக வந்திருக்கிறது. தூக்கமின்மை, நெரிசல், நீர்வறட்சி, பணத்தை யாராவது அடித்துவிடுவார்களோ என்ற ஓயாத கவலை எல்லாம் சேர்ந்து, சில நாளில் தானே அடங்கிவிடும் ஒரு கலக்கத்தை உண்டாக்கலாம். இரண்டு மூன்று நாள் தூக்கம், தண்ணீர், சாப்பாடு, கொஞ்சம் மருந்து கிடைத்தால் ஊரும் பேரும் தெளிவாகச் சொல்லும் மனிதர் இவர். அது கிடைக்காத இடத்தில் இவரும் உரச்சாக்குடன் அலைகிறவர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவார்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கோடு மதுக்கடைகள் மூடியபோது ரயில் ஏறாதவர்களிடமும் இதே கலக்கம் பரவலாக வெளிப்பட்டது. கேரள அரசு, டாக்டர் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மது தரலாம் என்று ஆணையே போட்டது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இதற்கு உரிய சிகிச்சை மது அல்ல. நடுக்கத்தை அடக்கும் மருந்தும், தயமின் என்னும் வைட்டமின் ஊசியும், மருத்துவமனைக் கண்காணிப்பும்தான். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். சர்க்கரை திடீரென்று இறங்கியவர், கடும் காய்ச்சலில் பிதற்றுகிறவர், வண்டி மோதித் தலையில் அடிபட்டவர் ஆகியோரும் இருட்டில் பார்க்கக் குடிகாரரைப் போலவோ பைத்தியத்தைப் போலவோதான் தெரிவார்கள். ஆகவே எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவர் போக வேண்டிய முதல் இடம் ஆஸ்பத்திரி.

அவரை அங்கே போகவிடாமல் தடுத்திருப்பது பல முறை கூட்டத்தின் பயம். 2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றியபோது, வட தமிழக மாவட்டங்களில் ஊர் தெரியாத ஆள் என்றாலே அடி விழுந்தது. அந்த ஆண்டு மே மாதம் பழவேற்காட்டில் தெருவில் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். மனநலம் குன்றியவராக இருக்கலாம் என்று அப்போது செய்திகள் சொல்லின. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாததே அவர் மேல் சந்தேகம் விழப் போதுமானதாக இருந்தது. அதே நாட்களில் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிக் காரில் வந்த குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். அவர் நோயாளியும் அல்ல, வேற்று மொழிக்காரரும் அல்ல. பயம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் ஆளைப் பார்ப்பதில்லை. இந்த இரண்டு சாவுகளையும் தமிழ்நாடு இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்கக் கூடாது.

சட்டம் இந்த நள்ளிரவுச் சந்திப்பை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. 1912-ம் ஆண்டுச் சட்டப்படி, திரிகிற மனநோயாளியைப் போலீஸ் கைது செய்து மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தும். 1987-ல் வந்த சட்டத்திலும் மாஜிஸ்திரேட்டே முதலில் வந்தார். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதை மாற்றியது. அதன் 100-வது பிரிவின்படி, தன் எல்லைக்குள் மனநோயோடு திரிகிறவர், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று நினைக்கக் காரணம் இருந்தால், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்தே ஆக வேண்டும். ஏன் அழைத்துப் போகிறார்கள் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எக்காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றுத் திரிகிறவர் என்றால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அந்த ஸ்டேஷனின் கடமை. எங்கோ ஒரு வீட்டில் இவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிற இந்த விதி, இந்தியச் சட்டப் புத்தகத்தில் உள்ள நல்ல விதிகளில் ஒன்று. தண்டலத்தில் இதைத் தெரிந்தவர்கள் சொற்பம். தெரியாததால், திரிகிறவரை லாரியில் ஏற்றி அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிடும் பழைய கொடுமையும் முழுசாக ஓய்ந்தபாடில்லை.

எதிர்கொள்கிறவர் அந்த நேரத்தில் செய்யக்கூடியவை எளியவை. கை எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். முகத்துக்கு நேரே முறைக்காமல், சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, அவர் விலகிப் போக வழிவிட்டு நிற்பது நல்லது. டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. போனைத் தூக்கி வீடியோ எடுக்கவே கூடாது. அவர் கேட்கும் குரல்களைப் பொய் என்று வாதாடுவதாலும் ஆமாம் போடுவதாலும் பயனில்லை. தாழ்ந்த குரலில், "அண்ணே, பயப்படாதீங்க. தண்ணி வேணுமா?" என்று கேட்டால் பல நேரம் பதற்றம் தணியும். தமிழ் புரியாதவர் என்று தெரிந்தால், "பையா, டரோ மத். பானி பியோகே?" என்ற இரண்டு வாக்கியம் போதும். இந்தப் பகுதியில் டீக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த அளவு இந்தி வரும். கையில் கல்லோ கம்பியோ இருந்து அவர் நெருங்கி வந்தால், பேச்சை விட்டுவிட்டு வெளிச்சமும் ஆட்களும் உள்ள பக்கம் நகர்ந்துவிடுவதே சரி. பிறகு 112-க்கோ 108-க்கோ கூப்பிட்டு இடத்தைச் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. தமிழிலும் இந்தியிலும் பேசலாம்.

சிகிச்சைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பழைய பதில் பயமுறுத்துவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர் போனது. இப்போதைய பதில் அப்படியல்ல. 1794-ல் தொடங்கிய வரலாறு கொண்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஒரு பக்கம். 1993-ல் சென்னைத் தெருவில் அலைந்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள எந்த இடமும் முன்வராததைப் பார்த்து, வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு இன்னொரு பக்கம். 2018 முதல் மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த அவசர சிகிச்சை, மீட்பு மையங்களும் வந்திருக்கின்றன.

மும்பையில் பரத் வாட்வானி என்ற மனநல மருத்துவரும் அவர் மனைவி ஸ்மிதாவும், சாக்கடைத் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு குடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைக் கண்டு, தங்கள் கிளினிக்குக்கு அழைத்துப்போய்ச் சிகிச்சை தந்தார்கள். தெளிந்ததும் அவர் தான் யார் என்று சொன்னார். ஆந்திரத்துக்காரர்; பட்டதாரி; மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவர். அந்த ஒரு மனிதரிலிருந்து 1988-ல் உருவான ஷ்ரத்தா அமைப்பு, ஆயிரக்கணக்கானவர்களை அவரவர் மாநிலத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. வாட்வானிக்கு 2018-ல் மகசேசே விருது கிடைத்தது.

வீட்டைக் கண்டுபிடிப்பது பொறுமையான துப்பறியும் வேலை. நோய் தணியத் தொடங்கியவர் முதலில் மாவட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. ஊரில் நடக்கும் சந்தை, ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சினிமாக் கொட்டகை, பக்கத்து ஆற்றின் பெயர் என்று எதையாவது சொல்வார். அவர் பேசுவது போஜ்புரியா, மைதிலியா, சந்தாலியா என்று அடையாளம் காண அந்த மொழிக்காரர் ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தண்டலத்தின் வாடகை அறைகளில் நிறையவே இருக்கிறார்கள். கேட்டால் வந்து பேசுவார்கள். சந்தை, ஆறு, போலீஸ் ஸ்டேஷன் என்று சேர்த்துப் பார்த்து அங்கே போன் போட்டால், சில வீடுகளில் காரியம்கூடச் செய்து முடித்திருப்பார்கள். திரும்பிப் போனபின் மாத்திரை தொடர வேண்டும். இல்லையென்றால் அதே ரயில், அதே சாலை. வீடே இல்லாதவர்கள், வீட்டார் ஏற்காதவர்கள் ஆகியோருக்காகப் பான்யன் 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில், சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து, நாலைந்து பேரை ஒரே குடும்பமாக வாழவைக்கிறது. சமையல், கடைகண்ணி, பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் உடனிருப்பார்.