தாழிக்குள் ஒரு படி நெல்

எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம் என்றால் அம்மாவுக்கு ஒரு கோயில், அப்பாவுக்கு ஒரு மியூசியம். யாரும் பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை, ஆனால் தவறியதும் இல்லை. மதுரைக்குப் போனால் காலையில் மீனாட்சியம்மன், நடை சாத்தியதும் தமுக்கம் பக்கம் காந்தி மியூசியம். திருவனந்தபுரம் போனால் பத்மநாபசாமியைச் சேவித்த கையோடு நேப்பியர் மியூசியம், அதே தோட்டத்தில் மிருகக்காட்சி சாலை. உச்சி வெயில் நேரத்தில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க மியூசியத்தை விடத் தோதான இடம் கிடையாது என்பது அப்பாவின் கட்சி. நிழல் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, டிக்கெட் சல்லிசு. ஆரம்பப் பள்ளி வாத்தியார் சம்பளத்தில் சல்லிசு என்பது பெரிய தகுதி.

தக்கலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே கால் வைத்தால் தரை கறுப்பாகப் பளபளத்து எங்கள் முகத்தையே காட்டியது. சுண்ணாம்போடு சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து இழைத்த தரை என்றார் சுற்றிக்காட்ட வந்தவர். அம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்து, "எத்தன முட்டை ஆயிருக்கும்!" என்றாள். அப்பாவுக்கு அதில் வேறொரு சந்தோஷம். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை கேரள அரசின் கையிலேயே இருந்துவிட்டது. "நிக்கிற மண்ணு நம்மது, மேல இருக்கிற வீடு அவுகளது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெட்ராஸ் பயணம் வாய்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடை விடுமுறையில். சித்தப்பா திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தார். அப்போது மீட்டர் கேஜ் ரயில்தான். எலுமிச்சம்பழச் சாதத்தையும் தண்ணீர்க் கூஜாவையும் காலடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஆடி ஆடிப் போனோம். விழுப்புரத்தில் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார எஞ்சின் மாட்டினார்கள். அதைப் பார்க்க அப்பா எங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி பிளாட்பாரத்தில் இறக்கினார். அம்மாவின் திட்டு எழும்பூர் வரை தொடர்ந்தது.

சித்தப்பா காப்பி குடித்துக்கொண்டே நிகழ்ச்சி நிரலைச் சொன்னார். "இன்னைக்கு உயிர் காலேஜ், நாளைக்குச் செத்த காலேஜ்."

"விடிஞ்சதும் செத்தது கித்ததுன்னு பேசாதீங்க கொழுந்தனாரே" என்றாள் அம்மா.

மெட்ராஸ்காரர்கள் வாயில் மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். 1851-இல் மியூசியம் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில் கோட்டைக் கல்லூரி நடந்த கட்டடத்தில். அதனால் ஒட்டிய பேர் என்பார்கள். 1854-இல் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு வந்த பிறகும் பேர் போகவில்லை. முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபோர் என்ற டாக்டர் 1855-இல் அந்த வளாகத்திலேயே விலங்குகளை வளர்க்க ஆரம்பித்தார். உயிரும் செத்ததும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த காலம் அது. பிறகு விலங்குகள் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. நாங்கள் பார்த்தது அங்கேதான். 1985-இல் அவை வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. அந்த முதல் நாளில் இன்று மனதில் நிற்பது வாடை மட்டும்தான்.

மறுநாள் செத்த காலேஜ். சிவப்புக் கட்டடங்களைப் பார்த்ததும் தம்பி ராஜா வீடு என்றான். விலங்கியல் பகுதியில் யானையின் எலும்புக்கூடு முன்னால் எங்கள் இருவருக்கும் ஒரே சந்தேகம்: தும்பிக்கை எங்கே? யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தம்பி தீர்மானமாகச் சொன்னான். தும்பிக்கையில் எலும்பே கிடையாது, அத்தனையும் தசை என்று அப்பா விளக்கினார். மண்டையோட்டின் நடுவே பெரிய துவாரம் ஒன்று தெரிந்தது. கண் என்று நாங்கள் நினைத்த அதுதான் மூக்கு.

மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை வாலிலிருந்து தலைவரை நடந்துதான் பார்க்க முடிந்தது. நாங்கள் விலா எலும்புகளை எண்ண ஆரம்பித்துக் குழம்பினோம். அப்பா பக்கத்துடுப்புக்கு நேராக எங்களை நிறுத்தினார். வெளியே துடுப்பாகத் தெரிவதற்கு உள்ளே மேல்கை எலும்பு, முன்கை எலும்பு, கணுக்கணுவாக விரல் எலும்புகள். தன் கையை விரித்து நீட்டி, "இத வச்சுப் பாரு, அதப் பாரு" என்றார். சாக்பீஸ் தூள் போகாத நகக்கண்கள் உள்ள அந்தக் கையையும் கண்ணாடிக்கு அப்பாலிருந்த எலும்புகளையும் மாறி மாறிப் பார்த்தேன். மீனுக்கு ஏது விரல் என்று கேட்டேன். "அது மீனே இல்ல. நம்மள மாதிரி பால் குடிச்சு வளர்ற ஜாதி. கரையில இருந்த வம்சம் கடலுக்குள்ள போயிருச்சு, கைய மறக்கல" என்றார். பிறகு கல்லூரியில் பரிணாமம் பற்றிப் படித்த எதுவும் இதற்கு மேல் எனக்குப் புதிதாகப் புரியவைக்கவில்லை.

வெண்கலச் சிற்பக் கூடத்தில் அம்மாவின் முறை. திருவாலங்காட்டு நடராசர் முன்னால் வந்ததும் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கைகூப்பிக் கண்மூடி நின்றாள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மாலை இல்லை, வெறும் மேனியாக ஒரு காலைத் தூக்கி நின்றார் சாமி. "பட்டுடுத்தாம இப்பத்தான் மொதத் தடவ பாக்கேன், என்ன அழகு" என்றாள். பத்தடி தள்ளித் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கும் அதே கும்பிடு. காவலுக்கு நின்றவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது பழகிய காட்சியாக இருந்திருக்கும்.

இன்னொரு கூடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்பா திடீரென்று நின்றுவிட்டார். அட்டையில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். ஆதிச்சநல்லூர், திருநெல்வேலி ஜில்லா.

"நம்ம ஆதிச்சநல்லூராப்பா?"

"வேற எந்த ஆதிச்சநல்லூரு இருக்கு?"

"பஸ்சுல ரெண்டு ஸ்டாப்பு. இதப் பாக்கவா ராத்திரி பூரா ரயில்ல வந்தோம்?" என்றான் தம்பி. சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் தாமிரபரணியின் தென்கரையில் அந்தப் பறம்பு வரும். சாலை அதை ஊடறுத்துக்கொண்டு போகும். ஆடு மேய்க்கிறவர்கள் நிற்பார்கள். மழை அடித்து ஓய்ந்தால் மண்ணுக்குள் பானை விளிம்புகள் வட்டம் வட்டமாகத் தெரியும். அது தாழிகளின் வாய் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆச்சி சொன்ன கதை எங்களுக்கு மனப்பாடம். "அந்தக் காலத்துல மனுசனுக்குச் சாவே கெடையாதுல. வயசாக ஆகச் சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி கணக்கா ஆயிருவாவ. மாடக்குழியில தூக்கி வைப்பாவ. அதுக்கும் பொறவு ஒரு தாழிய வனைஞ்சு, உள்ள உக்கார வச்சு, ஒரு வெளக்கும் ஒரு படி நெல்லும் வச்சு மண்ணுக்குள்ள எறக்கிருவாவ." நெல்லைக் குத்த உலக்கை உண்டா என்று கேட்டால் அடிக்க வருவாள்.

எழும்பூரில் இருந்தவை அந்தப் பறம்பிலிருந்து போனவை. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதன் பின் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ 1899-இலிருந்து சில ஆண்டுகள் முறையாகத் தோண்டி எடுத்தவை மெட்ராஸ் வந்து சேர்ந்தன. இதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்குக் கண்ணில் பட்டது, வெண்கல மூடி ஒன்றின் உச்சியில் நின்ற எருமை. வளைந்த கொம்பு இரண்டும் பின்னால் சாய்ந்திருந்தன. வாய்க்காலில் படுத்துக் கிடக்கிற எங்கள் ஊர் எருமையேதான், சந்தேகமே இல்லை. பக்கத்தில் ஒரு சேவல். துருவேறிய இரும்பு ஈட்டிகள், வாள்கள். தம்பி தரையில் உட்கார்ந்து, அங்கிருந்த தாழி ஒன்றைக் கீழிருந்து மேலாக உற்றுப் பார்த்தான். உள்ளே சுருங்கிய கிழவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுகிறான் என எனக்கு மட்டும் தெரியும்.

ஊருக்கு வந்ததும் பார்த்ததையெல்லாம் ஆச்சியிடம் ஒப்பித்தோம். திமிங்கலம் அவளை அசைக்கவில்லை. தாழியைப் பற்றிச் சொன்னபோதுதான் வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள்.

"உள்ள நெல்லு இருந்துச்சால?"

நாங்கள் அப்பாவைப் பார்த்தோம். அவர் அட்டையில் அப்படி ஒன்றும் போடவில்லை என்றார். "பொறவு என்னத்தப் பாத்தீய?" என்று ஆச்சி மறுபடி இடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ரீ தயாரித்த பட்டியல் 1915-இல் புத்தகமாக வந்தது. வேலைக்குப் போன பிறகு ஒரு நூலகத்தில் அதைப் புரட்டினேன். பானைகளுக்குள் நெல் உமியும் சிறுதானிய உமியும் கிடந்ததாக எழுதியிருக்கிறார். இரும்பு ஆயுதங்களின் முனை எப்போதும் கீழ்நோக்கியே இருந்ததாம். சுற்றி நின்ற உறவுக்காரர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார். இறந்தவர் நெற்றியில் கட்டிய மெல்லிய தங்கப் பட்டங்கள், கட்டுவதற்கு வசதியாக ஓரத்தில் துளைகளோடு கிடைத்தன. ஆதிச்சநல்லூர் மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று கார்பன் கணிப்பு வந்தது. 2021-இல் ஆற்றுக்கு வடக்கே சிவகளையில் ஒரு தாழிக்குள்ளிருந்து எடுத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் குறித்தார்கள். ஏறக்குறைய 3,200 ஆண்டு. அறிவிப்பைப் பேப்பரில் படித்ததும் தம்பிக்குப் போன் போட்டேன். "நெல்லு இருந்துச்சாம்ல" என்றேன். யாருக்குச் சொல்ல வேண்டிய செய்தி என்று இருவருக்குமே தெரியும். ஆச்சி போய் நெடுங்காலம் ஆகியிருந்தது.

கிழவர்கள் பூனைக்குட்டி அளவுக்குச் சுருங்கியது கதை. ஆனால் ஒரு படி நெல் கதையில்லை. புதைக்கிற வழக்கம் ஒழிந்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் ஒரு விவரம் மட்டும் ஆச்சியின் வாய்வரை வந்து சேர்ந்திருக்கிறது. எழும்பூர் போயிருக்காவிட்டால் எனக்கு அது ஒரு தூக்கக் கதையோடு முடிந்திருக்கும். ஆச்சி இல்லாவிட்டால் எழும்பூரில் நான் பார்த்தது ஒரு பழைய பானையோடு முடிந்திருக்கும்.

2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரிலேயே தளக் காட்சிக்கூடம் திறந்தார்கள். தோண்டிய குழிகளில் தாழிகளைக் கிடந்தபடியே விட்டு, மேலே கண்ணாடி பாவியிருக்கிறார்கள். காலுக்குக் கீழே குனிந்து பார்க்கலாம். இப்போது வெளியூர்ப் பிள்ளைகள் வேன் பிடித்து அங்கே வருகிறார்கள். எழும்பூர் வரை போக வேண்டியதில்லை, தம்பியின் முறையீடு ஒருவழியாகத் தீர்ந்தது. அங்கே எனக்கு வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்று: வாசலில் ஒரு திண்ணை. கருங்குளம், செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெரியவர்கள் நாலு பேர் அதில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தாழிக் கதை சொல்லட்டும். ஆண்டுக்கணக்கு சொல்ல உள்ளே பலகைகள் இருக்கின்றன. உள்ளே போய் எதைத் தேட வேண்டும் என்று சொல்ல அந்தப் பெரியவர்கள்தான் வேண்டும்.