பரிமாறுகிறவருக்கு ஓர் இடம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில், திருப்பாச்சூரை ஒட்டி வயலாக இருந்த இடங்களில் இப்போது மனைக்கற்கள் நிற்கின்றன. எங்களைப் போன்றவர்கள் வாங்குவது அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. வண்டி நிறுத்தவும் மாடிப்படிக்கும் போக மிச்சமிருப்பதில்தான் குடித்தனம். இடம் சிறியது என்பதாலேயே, புதிதாகக் கட்டுகிறவர்களில் பலர் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் எழுப்புவதில்லை. சுவர் வர வேண்டிய இடத்தில் கிரானைட் பதித்த ஒரு மேடையைப் போட்டு, அதை ‘ஐலேண்ட்’ என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒன்று இருக்கிறது. மேடை சீக்கிரம் எழும்பிவிட்டது. அதன் பக்கத்தில் சாப்பிடும் இடத்தை எப்படி அமைப்பது என்பதுதான் நெடுநாள் பேச்சாக ஓடியது.

அந்தப் பேச்சில் நான் பிடிவாதமாக நின்றது ஒரே விஷயத்தில்தான். சமைத்தவருக்கும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும். எங்கள் அம்மா எல்லோரும் எழுந்த பிறகுதான் தட்டை எடுப்பார். தோசை என்றால் கேட்கவே வேண்டாம். கடைசித் தோசையைக் கல்லிலிருந்து எடுத்து, ஆறிப்போன சட்னியோடு அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. அம்மாவும் நினைத்ததில்லை. இத்தனை செலவு செய்து சுவரை எடுத்துவிட்டு, அந்த வழக்கத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

சமைக்கிறவரை எங்கே நிறுத்துவது என்பது பழைய கேள்வி. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் ஆறடிக்குச் சற்று அதிகம், நீளம் பதினோரு அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்து, அதிகம் எட்டு வைக்காமலே எல்லாம் கைக்கு எட்டும்படி அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. பெண்களின் நேரமும் உழைப்பும் நிச்சயம் மிச்சமாயின. ஆனால் ஒருவர் மட்டுமே புழங்கக்கூடிய அறை என்பதால், சமைக்கிறவர் தனியாகிப்போனார். 1937-இல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் வீட்டில், சமையலறை சாப்பிடும் இடத்தோடு சேர்ந்து, ஹாலைப் பார்க்கத் திறந்துகொண்டது. இன்று நம் ஊர் வரை வந்திருக்கும் திறந்த சமையலறைக்கு இப்படிப்பட்ட முன்னோடிகள் உண்டு. என்றாலும் திறந்துவிட்டால் மட்டும் போதாது. முன்பு சுவருக்குப் பின்னால் நின்றவர் இப்போது எல்லோர் கண்முன்னும் நிற்கிறார், அவ்வளவுதான். அவர் உட்கார நாற்காலி வேண்டும்.

முதலில் எல்லோரும் சொன்ன யோசனை, மேடையை ஒட்டி உயரமான ஸ்டூல் போடுவது. மேடை 34 அங்குலம் என்றால் ஸ்டூலின் இருக்கை 24 அங்குலமாவது இருக்க வேண்டும். முழங்கால் தேய்ந்த மாமியார் அதில் ஏற முடியாது. சின்னவள் ஏறிவிடுவாள், இறங்கத் தெரியாமல் விழுவாள். வீட்டின் மூத்தவரும் இளையவரும் உட்கார முடியாத இடத்தைச் சாப்பிடும் இடம் என்று எப்படிச் சொல்வது? அதனால் மேடையோடு மேசையின் குறுகிய பக்கம் ஒட்டி நிற்கும்படி ஒரு தாழ்ந்த மேசை என்று முடிவானது.

திருப்பாச்சூர் வாசீஸ்வரர், மூங்கில் காட்டில் வாச்சி என்ற வெட்டுக்கருவி பட்ட தழும்போடு வெளிப்பட்டவர் என்பது தலவரலாறு. அந்தக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரி ஒருவரை அழைத்துவந்தோம். நான் போனில் சேமித்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “படம் இருக்கட்டும்மா. பெரியம்மாவைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க” என்றார். மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப் பிடித்தார். 16 அங்குலம். “நாற்காலி பதினெட்டுன்னுதான் கடையில கிடைக்கும். இவங்களுக்குக் கால் தொங்கும், மரத்துப்போகும். பெஞ்சைப் பதினாறரையில போடுறேன், மேசையை இருபத்தெட்டுல நிறுத்திக்கலாம்” என்றார். கடை மேசை 30 அங்குலம். கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு அந்த இரண்டு அங்குலம் குறைந்ததில் தோள் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பதைத் தினமும் உணர்கிறேன்.

பெஞ்சு சுவரை ஒட்டி நிற்கிறது. நாற்காலி என்றால் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்க மூன்றடி விட வேண்டும், பெஞ்சுக்கு அது வேண்டாம். சின்ன வீட்டில் அந்த மூன்றடி பெரிய சொத்து. திண்ணையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆழத்தை 22 அங்குலமாகக் கேட்டு வாங்கினேன், அதில் சம்மணமிட்டு உட்காரலாம். தரையில் உட்கார முடியாமல் போன மாமியார், பல வருடங்களுக்குப் பிறகு ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். அடியில் பெட்டி; 25 கிலோ அரிசி மூட்டை அதற்குள் போய்விட்டது. பெட்டிக்கு வேப்பம்பலகை போட்டோம், கரையான் எளிதில் தொடாது என்பதால்.

மேசையின் அளவை முடிவு செய்தது வாழையிலை. ஒருவருக்கு இரண்டடி போதும் என்று கடைக்காரர்கள் சொல்வது தட்டுக் கணக்கு. நுனி இடப்பக்கம் இருக்க தலைவாழை இலையை விரித்தால் இரண்டரை அடி வேண்டும். அதனால் 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம். பொங்கலன்று பக்கத்துக்கு இரண்டு இலை தாராளமாக விழும். அழகாக இருக்கிறதே என்று வட்ட மேசையை விரும்பியவர்களுக்கும் இதைச் சொல்லித்தான் புரியவைத்தேன்.

கல்லிலும் கவனம் வேண்டும். வெள்ளை மார்பிள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கல்லின் இனம், புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தை அரித்துவிடும், மஞ்சள் கறை ஊறிவிடும். நம் சமையலுக்குக் கறுப்பு கிரானைட்தான் தாங்கும். கொதிக்கும் குழம்புச் சட்டி அதன்மேலேயே இருக்கும், பாலிஷ் போட்ட மர மேசைக்கு வருவதில்லை. மின்விசிறியையும் சொல்ல வேண்டும். மேசைக்கு மேலே சீலிங் ஃபேன் மாட்டினால் பக்கத்திலிருக்கும் அடுப்பின் சுடர் அலையும், சில நேரம் அணைந்தும் போகும். அடுப்புக்கு முதுகு காட்டும்படி சுவரில் ஒரு ஃபேன் போதுமாக இருக்கிறது. கை கழுவத் தனித் தொட்டி, பெஞ்சிலிருந்து எட்டும் தூரத்தில். பாத்திரம் கிடக்கும் தொட்டியில் கை கழுவுகிற அவசியம் இல்லை.

இத்தனைக்கும் நடுவே முக்கியமான இடம் எது என்றால், மேடையை ஒட்டிய நாற்காலி. அதில் உட்கார்ந்து கையை நீட்டினால் சாதக் குண்டான், குழம்பு, ரசம், தண்ணீர்ச் செம்பு எல்லாம் எட்டும். மேசையைவிட மேடை ஆறு அங்குலம் உயரம் என்பதால் பாத்திரங்கள் அலமாரியில் வைத்தது போல நிற்கின்றன. எழுந்திருக்காமலே பரிமாறலாம், பரிமாறியபடியே சாப்பிடலாம். தோசை நாளில் மட்டும் முறை மாறும். கணவர் நாலு ஊற்றினால் அடுத்த நாலு மகன் ஊற்றுவான்.

காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவது எளிதல்ல. விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஒருவர் ஓடுவார், இரவு பதினொன்றுக்கு இன்னொருவர் வருவார். சாப்பாடு எடுத்து வைக்கிறவர் இரண்டு வேளையும் விழித்திருப்பார். அவருக்கு உட்கார இடமிருந்தால், வருகிறவரோடு கொஞ்சம் பேச்சும் இருக்கும். வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் என்னிடம் யோசனை கேட்டால் மேசை, மரம், கல் எதையும் முதலில் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று கேட்கிறேன். அவருடைய நாற்காலியை அடுப்புக்குக் கையெட்டும் இடத்தில் முதலில் போடுங்கள், மற்ற அளவுகளை அங்கிருந்து பிடியுங்கள் என்கிறேன்.