மலை இறங்கும் கெப்

பிக்கப் டிரக்கை இலங்கையில் கெப் என்பார்கள். ஒரு வரிசை இருக்கை உள்ளது சிங்கிள் கெப், இரண்டு வரிசை உள்ளது டபுள் கெப். கம்பளையில் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் உல்லாசப் பயணம் நினைவுக்கு வருவதில்லை. மரக்கறி மூட்டை, உரம், லயத்துக்குப் போகும் கூரைத் தகடு, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு இறக்கும் நோயாளி, இவைதான் வரும். தார் இல்லாத இடத்துக்கு ஓடக்கூடியதாக ஒரு கெப்பை மாற்றியமைக்கும் கைவேலைக்கு இங்கே அடித்தளம் அந்தச் சுமைகள்தான். கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மீமுரை போன்ற மலைக்கிராமத்துக்குப் போகிறவர்கள் பின்னால் வந்து சேர்ந்த வாடிக்கையாளர்கள்.

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. கம்பளை ஏறக்குறைய 480 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். பெரிய வீதியில் பஸ்ஸும் லொறியும் சிரமமில்லாமல் ஓடும். அதை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் நிலைமை வேறு: ஒரு பக்கம் கான், மறுபக்கம் சரிவு, நடுவில் மழை அரித்துத் துருத்திக்கொண்ட கல். இந்தப் பாதைகளில் பல, மாட்டு வண்டியை மனத்தில் வைத்து வெட்டப்பட்டவை. கொண்டை ஊசி வளைவில் நீளமான டபுள் கெப் ஒரே திருப்பலில் திரும்பாது. முன்னும் பின்னும் எடுக்கும்போது பின்சக்கரம் கானுக்குள் போகும்.

இந்தப் பாதைகளின் முதல் அரசன் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்த வாகனம், தோட்டத் துரைமாரின் வாகனமாக மலைநாட்டில் வேர்விட்டது. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் அலுமினியக் கலவையில் உடலும் உருக்கில் அடிச்சட்டமும் செய்தார்கள். மழைநாட்டில் இதன் விளைவு விசித்திரமானது. மேலே பார்த்தால் வாகனம் புதிது போலிருக்கும். அடியில் சட்டத்தின் குறுக்குத் துண்டு துருவில் கரைந்திருக்கும். எனவே பழைய லேண்ட் ரோவரைப் பார்க்கும் கைவினைஞர் கதவைத் திறப்பதற்கு முன் சுத்தியலோடு அடியில் படுக்கிறார். தட்டும்போது மணிபோல ஒலித்தால் இரும்பு இருக்கிறது. ஒலி மந்தமானால் உள்ளே செதிள்தான்.

அதற்குப் பிறகு ஜப்பான் கெப்புகள் வந்தன. 1968இல் பிறந்த டொயோட்டா ஹைலக்ஸுக்கு நாற்சக்கர இயக்கம் 1979இல் கிடைத்தது. மிட்சுபிஷி எல்200, இசுசு, நிசான் ஆகியவையும் கம்பளைக் கராஜ்களுக்குப் பழகியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கம் வரை அந்தத் தடை நீடித்ததில், இருபது முப்பது வயதுக் கெப்புகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. புதியது வாங்க முடியாதபோது பழையதைத் திருத்தத் தெரிந்தவரின் மதிப்பு தானாக ஏறும். உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையை நம்ப வேண்டியிருந்தாலும், அங்கும் கிடைக்காத பொருளை லேத்தில் கடைந்தெடுக்கும் ஆற்றல் உள்ளூரில் இருக்கிறது.

இதை எழுதுபவர் பார்த்த கராஜ் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே ஒரு குழி, ஒரு செயின் புளொக், சுவரெல்லாம் கிரீஸ். டச்சுக்காரர் விட்டுச் சென்ற ‘பாஸ்’ என்ற சொல் இங்கே கைவினைஞருக்கு மரியாதைப் பெயர். இயந்திர வேலைக்கு ஒரு பாஸ், டிங்கரிங் வேலைக்கு ஒரு பாஸ், வயரிங்குக்கு வெளியிலிருந்து வரும் ஒருவர். தட்டு ஸ்பிரிங் வேலை வேறொரு பட்டறைக்குப் போகிறது. தமிழும் சிங்களமும் ஒரே வசனத்துக்குள் கலந்து ஓடுகின்றன. கருவிகளின் பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து வந்து இரண்டு மொழிக்கும் பொதுவாகிவிட்டன. கையாளாகச் சேரும் பையன் முதலில் பழகுவது கழுவுவதுதான். அடிச்சட்டத்தில் ஒட்டிய செம்மண்ணை முழுவதும் எடுக்காமல் எந்த பாஸும் வேலையைத் தொடுவதில்லை. மண்ணுக்குள்தான் வெடிப்பும் கசிவும் ஒளிந்திருக்கின்றன.

மாற்றியமைப்பு பாரத்தில் தொடங்குகிறது. சாதாரண கெப் ஒன்றுக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் சுமை ஏறக்குறைய ஒரு தொன். பயணத்துக்கு ஆயத்தப்படுத்துகிறவர் உருக்கு முன்பம்பர், வின்ச், கூரைத்தட்டு, கூடாரம் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். 80 லீற்றர் தண்ணீர் 80 கிலோ. 70 லீற்றர் டீசல் கிட்டத்தட்ட 60 கிலோ. நான்கு பேரும் ஏறி அமர்ந்தால், சாப்பாட்டுப் பெட்டியை வைக்கும் முன்பே பாதி அளவு தீர்ந்துவிடும். உயரத்தில் ஏற்றும் பாரம் வளைவில் வாகனத்தைச் சாய்க்கும். கூரைத்தட்டில் தண்ணீர்ப் பீப்பாய் வைப்பவரைப் பார்த்து பாஸ்மார் சிரிப்பதற்கு இதுதான் காரணம். எதைப் பூட்டலாம் என்று கேட்டு வருகிறவருக்கு எதைக் கழற்றலாம் என்று சொல்லி அனுப்பும் கராஜை நம்பலாம்.

அடுத்தது ஸ்பிரிங். பின்பக்கம் தட்டுத் தட்டாக அடுக்கிய ஸ்பிரிங் பிளேட்கள் காலப்போக்கில் வளைவை இழந்து தட்டையாகும். இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, தட்டுகளைப் பிரித்து, குளிர்ந்த நிலையிலேயே நூற்றுக்கணக்கான சிறு அடிகளால் வளைவைத் திரும்ப வாங்குவது. மற்றது, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைப்பது. இரண்டாவது வேலை சீக்கிரம் முடியும், பார்க்கவும் அழகாக வரும். சில வாரங்களில் மீண்டும் தொங்கிவிடும். ஸ்பிரிங் உருக்கின் மீள்தன்மை பதப்படுத்தலில் இருந்து வருவது. சிவக்கக் காய்ச்சி அப்படியே ஆறவிட்டால் பதம் போய், மிஞ்சுவது வெறும் இரும்பு. முழுத் தட்டையும் எண்ணெயில் தோய்த்து மறுபடி பதம் பண்ணத் தெரிந்தவர் மட்டுமே நெருப்பை எடுக்கலாம். கேட்டுப் பழகிய காதுக்கு இரண்டு பட்டறைகளின் வித்தியாசம் தெருவிலிருந்தே தெரியும். நல்ல பட்டறையில் சுத்தியல் சத்தம் மெல்லியதாக, ஒரே சீராக, நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும்.

முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷனும் முறுக்குக் கம்பியும் உள்ள கெப்புகளில், ஒரு போல்ட்டை இறுக்கியே உயரத்தைக் கூட்டிவிடலாம். செலவில்லாத வித்தை என்பதால் பலரும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் உயர்த்திய அளவுக்குச் சக்கரம் கீழே இறங்கும் இடம் குறைகிறது. அச்சுத்தண்டின் மூட்டு அளவுக்கு மீறி மடங்கி, அதை மூடிய ரப்பர் உறை கிழிகிறது. கிழிந்த உறைக்குள் செம்மண் புகுந்தால் மூட்டு நெடுநாள் தாங்காது. இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் இந்த வழியில் உயர்த்துவது, முன்னால் வாங்கிப் பின்னால் கட்டும் கடன்.

உயர்த்திய கெப்பில் பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு சிறு பாகம் பின்னச்சுக்கு மேலே இருக்கிறது. அடிச்சட்டத்தில் பூட்டிய வால்வு ஒன்று, ஒரு கம்பியால் அச்சோடு இணைந்திருக்கும். சுமை ஏறிச் சட்டம் தாழும்போது வால்வு திறந்து பின்சக்கர பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். வெறும் வண்டியில் சட்டம் மேலே நிற்கும், அழுத்தம் குறையும். ஸ்பிரிங்கை உயர்த்தியவுடன் இந்த வால்வு ஏமாறுகிறது. முக்கால் தொன் ஏற்றியிருந்தாலும் வண்டி வெறுமை என்று எண்ணிப் பின் பிரேக்கைச் சுருக்கிவிடுகிறது. இறம்பொடையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் முன்சக்கரங்களே முழுப் பாரத்தையும் பிடித்து எரிகின்றன. வால்வையே கழற்றி எறிகிறவர்களும் உண்டு. அவர்களுடைய வெறுங்கெப் நனைந்த வீதியில் பின்பக்கம் பூட்டி வழுக்கும். சரியான வேலை, உயர்த்திய அதே அளவுக்கு அந்தக் கம்பியின் தாங்கியையும் உயர்த்துவது. ஒரு துண்டு இரும்பு, இரண்டு துளை, அரை மணி நேரம். கெப்பை மாற்றியமைக்கும் ஒருவர் தொழில் தெரிந்தவரா என்று அறிய இந்த ஒன்றைக் கேட்டால் போதும்.

பிரேக் எண்ணெயும் மலைநாட்டில் தனிக்கவனம் கேட்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 தரத்தின்படி புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. டொட் 4இல் முறையே 230, 155. நீண்ட இறக்கத்தில் எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிரம்பி, மிதி தரைவரை போகும். கொஞ்சம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பிவரும். கராஜுக்கு வந்து பார்த்தால் குறை தெரியாது. எண்ணெயை வருடாவருடம் மாற்றுவதும், ஏறிய கியரிலேயே இறங்குவதும்தான் மருந்து. கரடான சரிவில் தாழ்நிலைக் கியர் சக்கர வேகத்தை இரண்டரை மடங்கு அளவில் குறைத்து, இயந்திரத்தையே பிரேக்காக்குகிறது. பழைய லேண்ட் ரோவரில் இதற்கெனச் சிவப்புப் பிடி இருக்கும். பக்கத்திலுள்ள மஞ்சள் பிடி மேல்நிலையில் நாற்சக்கரத்தைச் சேர்ப்பதற்கு.

பெரிய டயர் இந்தக் கணக்கையெல்லாம் கலைக்கும். 235/75ஆர்15 டயரின் விட்டம் 733 மில்லிமீற்றர். அதை எடுத்துவிட்டு 31 அங்குல மட் டயர் போட்டால் விட்டம் 787. ஏழு வீத வித்தியாசம்: வேகமானி 50 காட்டும்போது உண்மையில் ஓடுவது ஏறக்குறைய 54. எல்லாக் கியரும் அதே அளவு உயர்ந்துவிடும்; ஏற்றத்தில் இயந்திரம் திணறும், இறக்கத்தில் அதன் பிடி தளரும், பிரேக்குக்கும் வேலை கூடும். டயரை மாற்றினால் டிஃபரன்ஷியலின் பல்விகிதத்தையும் மாற்ற வேண்டும். அதற்குப் பணமில்லாதவர் பழைய அளவிலேயே நல்ல டயர் போடுவது மேல். சேற்றில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் கிடைக்கும் பிடிப்பு, பலவேளை பெரிய டயர் தருவதை விட அதிகம். தாருக்கு ஏறும்போது நிரப்புவதற்கு ஒரு சிறு காற்றுப் பம்பி வேண்டும், அவ்வளவுதான்.

மகாவலிக் கரையில் இருக்கும் கம்பளைக்கு நீர் நிற்கும் வீதி புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டின் வீதிகள் வெள்ளத்திலும் மண்சரிவிலும் துண்டுபட்டன. தண்ணீருக்குள் ஓடிய கெப்பில் முதலில் திறக்க வேண்டியது டிஃபரன்ஷியல். சூடான அச்சு குளிர்ந்த நீரில் அமிழ்ந்ததும் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவும் சீல் வழியாகவும் நீரை இழுக்கும். அடைப்பானைத் தளர்த்தும்போது பால்தேநீர் நிறத்தில் எண்ணெய் வடிந்தால் விஷயம் தெளிவு. மூச்சுத்துளையில் ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி இயந்திர அறையின் உச்சிவரை கொண்டுபோவது மலிவான தடுப்பு. பணம் செலவழித்து ஸ்நோர்கல் பூட்டிய கெப்பில்கூட இந்தக் குழாய் இல்லாதிருப்பதைக் காணலாம்.

இயந்திரத்தில் பாஸ்மார் அதிகம் கைவைப்பதில்லை. டர்போ இல்லாத பழைய டீசல் இயந்திரம், ஆயிரம் மீற்றர் ஏறினால் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். அதை ஈடுசெய்ய டீசலைக் கூட்டினால் கிடைப்பது கரும்புகையும் சூடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் வரும் புகைப் பரிசோதனையில் வண்டி தோற்கும். பழைய ஹைலக்ஸின் 2எல் இயந்திரம் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பதற்குப் பெயர்போனது. எனவே ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையிலுள்ள சேற்றைப் பின்புறமிருந்து மெல்லிய நீரால் கழுவுவது வலுவைக் கூட்டுவதை விட முக்கியம். அடிச்சட்டத்தையோ இயந்திர வகையையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் பதிவுப் புத்தகத்தில் திருத்தமும் வேண்டும்.

வின்ச் பற்றிச் சுருக்கமாக: 9,500 இறாத்தல் என்று எழுதியிருக்கும் வலு, உருளையில் கயிற்றின் கடைசி அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போது கிடைப்பது. அடுக்குகள் கூடக் கூட இழுவை குறையும். தேயிலைச் செடியில் கட்டக்கூடாது. மரத்தில் அகலப் பட்டி போட்டுக் கட்ட வேண்டும். இழுபடும் கம்பிமேல் ஈரச் சாக்கைப் போட்டால், அறுந்தாலும் சவுக்குபோல ஆள்மேல் பாயும் அபாயம் குறையும்.

வேலை முடிந்த கெப்பை வெறுமையாக ஒப்படைப்பதில்லை. மணல் மூட்டை ஏற்றி, புசல்லாவைப் பக்கம் ஏறித் திரும்புகிறார்கள். இறங்கி நின்றதும் பாஸ் நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுகிறார். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பெயாரிங் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் விடவில்லை. இரண்டு முன்சக்கரமும் சுட்டுப் பின்சக்கரங்கள் குளிர்ந்திருந்தால் அந்த வால்வைத் திரும்பப் பார்க்க வேண்டும். புதிதாகப் பிணைத்த ஸ்பிரிங்கின் யூ போல்ட்கள் ஓட்டத்தில் படிந்து தளரும் என்பதால், 500 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் கொண்டுவரச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த இறுக்கலுக்குக் கூலி வாங்குவதில்லை.