பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திரிங்க ஆச்சி!

தை மாசம் பிறந்துவிட்டால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வேறு முகம் உட்கார்ந்திருக்கும். "முதலாளி இல்லையா?" என்று கேட்டால், "பழனிக்கு நடக்கப் போயிட்டாக" என்று பதில் வரும். வருஷம் முழுக்க மெத்தை போட்ட நாற்காலியை விட்டு நகராத மனுஷர். பக்கத்துத் தெருவுக்குப் போகவும் டி.வி.எஸ். ஃபிப்டியை உதைப்பவர். அவர்தான் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர் நடந்து தைப்பூசத்துக்குப் பழனி போய்ச் சேருகிறார். நகரத்தார் காவடி நானூறு வருஷத்துக்கு மேலான வழக்கம் என்பார்கள். திரும்பவும் நடந்தே வருகிறவர்களும் உண்டு.

இது எப்படி முடிகிறது?

"எல்லாம் முருகன் நடத்தி வைக்கிறான்" என்பது எங்கள் ஊர் கொத்தமங்கலத்தில் எல்லோரும் சொல்லும் பதில். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால், விவரமானவர்கள் முருகனுக்குக் கொஞ்சம் ஒத்தாசையும் செய்கிறார்கள். கார்த்திகை பிறந்ததுமே காலையில் இருட்டோடு எழுந்து மூன்று கிலோமீட்டர், அடுத்த வாரம் ஐந்து, மார்கழியில் பத்து என்று நடந்து பழகுகிறார்கள். அந்த ஒன்றரை, இரண்டு மாசத்தில் அவர்கள் காலுக்குள் நடப்பதுதான் இந்த வாரக் கதை.

நம் உடம்பில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் இருக்கின்றன. ஆரோக்கியமான ஆளின் எடையில் ஏறக்குறைய 40 சதவிகிதம் இவைதான். இந்தத் தசையிடம் ஒரு செட்டியார் குணம் உண்டு. வேலை இல்லாத ஆளுக்குச் சம்பளம் கொடுக்காது. வேலை வந்தால் ஆள் சேர்க்கும். வேலை நின்றால் ஆளைக் குறைக்கும். உபயோகமில்லாத தசையைச் சும்மா வைத்துச் சோறு போட உடம்புக்கு மனசு வராது. அதற்குக் கணக்குதான் முக்கியம்.

பழக ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கால் தசை பெரிதாக ஒன்றும் வளர்வதில்லை. ஆனாலும் பலம் கூடியது போலத் தெரியும். காரணம், நரம்பு. எந்தத் தசை நாரை எப்போது கூப்பிடுவது, எத்தனை பேரை ஒரே நேரத்தில் இழுக்க வைப்பது என்று மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொள்கின்றன. ஆட்கள் பழைய ஆட்கள்தான். மேஸ்திரி தேர்ந்துவிட்டார்.

அடுத்து, தசைக்குள் அடுப்புகள் கூடுகின்றன. செல்லுக்குள் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத்தான் அடுப்பு என்கிறேன். அமெரிக்காவில் ஜான் ஹாலோஸி என்ற விஞ்ஞானி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்து, அவற்றின் தசையில் இந்த அடுப்புகளின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானதை 1967-ல் எழுதினார். மனுஷக் காலிலும் கூடுகிறது. தசை நார்களைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்களும் புதிதாகக் கிளைக்கின்றன. பயிற்சி எடுத்தவர் ஏழாவது மைலிலும் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடக்க, எடுக்காதவர் இரண்டாவது மைலில் வாயால் மூச்சு வாங்குவது இதனால்தான்.

சரி, மறுநாள் கெண்டைக்கால் கல் மாதிரி வலிக்கிறதே? "லாக்டிக் ஆசிட் சேர்ந்துபோச்சு" என்று ஜிம்முக்குப் போகும் பையன்கள் சொல்வார்கள். பாவம், அந்த லாக்டிக் ஆசிட் மேல் வீண்பழி. அது நடந்து முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒரு நாள் கழித்து ஆரம்பித்து இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும் வலி, தசை நார்களில் விழுந்த நுண்ணிய சேதத்தாலும் அதைப் பழுதுபார்க்க வரும் வீக்கத்தாலும் வருவது. அதுவும் மேடு ஏறும்போது விழுவதைவிடப் பள்ளம் இறங்கும்போதுதான் அதிகம். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது அல்லவா, அதனால். இன்னொரு விசேஷம், ஒரு தடவை வலித்த தசை சில வாரம் வரை அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது. முதல் அடியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

பழுதுபார்க்க யார் வருகிறார்கள்? தசை நாரின் ஓரத்தில் தூங்கிக் கிடக்கும் துணைச் செல்கள். 1961-ல் அலெக்ஸாண்டர் மாரோ என்பவர் தவளைத் தசையில் இவற்றைக் கண்டு சொன்னார். பாரம் விழுந்தால் இவை விழித்துப் பெருகி, நாரோடு சேர்ந்து அதைத் தடிமனாக்க உதவுகின்றன. வயசானாலும் எண்ணிக்கை குறையுமே தவிர, அடியோடு காலியாவதில்லை. இதை மனசில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெயிலும் ஒரு வாத்தியார்தான். தசை எரிக்கிற சக்தியில் கால்வாசி கூட வேலையாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டோடு சித்திரை வெயிலும் சேர்ந்தால்? பெங்களூரு ஏ.சி. ரூமிலிருந்து திருவிழாவுக்கு வரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதல் நாளே தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அதே வெயிலில் கொத்தனாரும் சித்தாளும் காரை சுமப்பார்கள். பத்திலிருந்து பதினாலு நாள் வெயிலில் அளவாக வேலை செய்தால் உடம்பு மாறிக்கொள்கிறது. ரத்தத்தில் நீர் கூடுகிறது. வியர்வை சீக்கிரம் வருகிறது, அதில் உப்பு குறைகிறது. தசையும் சூட்டைத் தாங்கும் காவல் புரதங்களைக் கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்கிறது. ஏ.சி.க்குத் திரும்பிச் சில வாரத்தில் எல்லாம் கரைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

வேலை கொடுத்தால் தசை என்ன செய்யும் என்பது இதுவரை. வேலையை நிறுத்தினால்?

எங்கள் ஆத்தாவுக்கு எழுபத்தாறு வயசில் அது நடந்தது. மழை பெய்த முற்றத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் நல்லபடி முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பார்க்க வந்த உறவு ஜனமெல்லாம் ஒரே பாட்டு. "ஆச்சிய அசையவிடாதீக. படுக்கையிலயே எல்லாத்தையும் பாத்துக்கங்க." பாசத்தோடு சொன்னதுதான். ஆர்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. ஆத்தா கட்டிலில் கிடந்தார்.

ஒரு மாசத்தில் எலும்பு நல்லபடி கூடி வருகிறது என்று எக்ஸ்ரே சொன்னது. கால்தான் காணாமல் போயிருந்தது. தொடை என் முன்னங்கை அளவுக்கு வற்றி, தோல் தனியாகத் தொங்கியது. நிற்க வைத்தால் முட்டி நடுங்கியது. எங்கள் ஊர் வீடுகள் உங்களுக்குத் தெரியுமே, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். கழிப்பறை கொல்லைப்பக்கம். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ப்பா. நானா எந்திரிச்சுக் கொல்லைக்குப் போகணும். அடுத்தவ கை என்னைத் தொட்டுக் கழுவ வேணாம்" என்றார் ஆத்தா. அதுவரை அழாதவர், அன்றைக்கு அழுதார்.

படுக்கை என்ன செய்யும் என்று 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் பார்த்திருக்கிறார்கள். இருபது வயசுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் விழுந்தது. முப்பது வருஷம் கழித்து 1996-ல் அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். ஐம்பது வயசில் அவர்கள் இழந்திருந்தது, அந்த மூன்று வாரத்தில் இழந்ததைவிடக் குறைவு! மூப்பைவிடக் கட்டில் பொல்லாதது.

விண்வெளியிலும் இதே கதை. பாரமே இல்லாத இடத்தில் காலுக்கு வேலை ஏது? அதனால்தான் அங்கே இருப்பவர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். சுனிதா வில்லியம்ஸ் 2007-ல் பட்டையால் தன்னைக் கட்டிக்கொண்டு ஓட்டப் பட்டையில் மாரத்தானே ஓடினார். 2024-ல் போனவர் 286 நாள் தங்கிவிட்டு 2025 மார்ச்சில் திரும்பியபோதும், உடம்பைப் பூமிக்குப் பழக்கும் பயிற்சிக்குப் போகவேண்டியிருந்தது.

ஆத்தாவுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு பிஸியோதெரபி தம்பி வந்தார். முதல் வேலையாக உயரமான நாற்காலி ஒன்றைக் கேட்டார். "ஆச்சி, கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுப் பத்துத் தடவை உக்காந்து எந்திரிங்க."

"ஏம்ப்பா, என்னையப் பழனிக்கா அனுப்பப் போற?"

முதல் நாள் மூன்று தடவைதான் முடிந்தது. அடுத்த வாரம் ஆறு. பிறகு நாற்காலி உயரம் குறைந்தது. கணுக்காலில் அரைக் கிலோ மணல்பை, அப்புறம் ஒரு கிலோ. "கெழவிக்குக் கசரத்தா?" என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறை ஒட்டிய வயசுக்காரர்கள் பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர் எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார். முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியது என்று 1990-ல் எழுதினார். தூங்கும் துணைச் செல்களைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? தொண்ணூறிலும் கூப்பிட்டால் வருகிறார்கள்.

ஆனால் ஆள் சேர்த்தால் சோறும் போட வேண்டும். ஆத்தாவின் சாப்பாடு இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. தசை கட்டப் புரதம் எங்கே? உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன கணக்கு. வயசானவர்களுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வேண்டும் என்கிறார்கள் முதியோர் நிபுணர்கள். ஐம்பது கிலோ ஆச்சிக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். ஆக, முட்டை, பால், சுண்டல், மீன் என்று நாள் முழுக்கப் பிரித்துப் போட்டோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நாலாவது மாசம் ஆத்தா கம்பு ஊன்றித் தானாகக் கொல்லைக்குப் போய் வந்தார். பழைய நடை முழுசாகத் திரும்பவில்லை. முகப்புப் படி இறங்க இன்றைக்கும் ஒரு தோள் வேண்டும். ஆனால் கேட்டது கிடைத்துவிட்டது.

திடீர் வீராப்புக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழக்கமில்லாத உடம்பை வெயிலில் அளவுமீறி வாட்டினால் தசை உடைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இருதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மற்றவர்கள், இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சுலபமாக இருந்தால் சந்தோஷம். முட்டி முனகினால், நாளைக்கு ஆறு தடவை. வீட்டில் படுத்தே கிடக்கும் பெரியவர் யாராவது இருந்தால், டாக்டர் அனுமதித்த அளவுக்கு அவர்களையும் கைபிடித்து எழுப்புங்கள். ஆர்லிக்ஸ் அப்புறம் கலக்கலாம்.