முதுகில் ஒரு பரண்

கடையின் நடுவே ஒரு பழைய தந்திக்கம்பம் நிற்கிறது. மேல்முனையைக் கூரை விட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஆள் உயரம் வரைக்கும் அதன் உடம்பெல்லாம் இரும்புப் பற்கள் கடித்த தழும்பு. மரத்தில் கட்டி, மேலே உட்கார்ந்து வேட்டையாடும் பரண் வாங்க வருகிறவர்கள் ஏறிப் பார்ப்பதற்காகவே நட்டது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், மனிஸ்டீ காட்டை ஒட்டிய சிற்றூர். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. அக்டோபர் 1 அன்று மானுக்கான வில்வேட்டை திறக்கிறது. துப்பாக்கிக்கு நவம்பர் 15 வரை பொறுக்க வேண்டும். பூட்ஸ் பகுதியில் எனக்குக் கிடைத்த பெஞ்சிலிருந்து கம்பமும் அதைச் சுற்றி நடப்பதும் நன்றாகத் தெரிகின்றன.

அப்பாவும் மகளும் வருகிறார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். தோளும் தொந்தியுமாக அகலமான ஆள். மகள் கல்லூரிக்குப் போகிற வயது. அவர் நேராகப் போய் ஏணிப் பரணின் மெத்தையை அழுத்திப் பார்க்கிறார். சாய்மானம், கைப்பிடி, மேலே கூடாரத் துணி எல்லாம் உண்டு.

"இதைத் தூக்கிட்டு எப்படிப்பா நடக்கிறது?"

"தாத்தா தோட்டத்துல இப்படித்தானே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொள்கிறார்.

தாத்தா தோட்டம் கைமாறிவிட்டது என்பது அடுத்த பத்து நிமிடத்தில் துண்டு துண்டாகக் காதில் விழுகிறது. அங்கே ஓக் மரத்தில் பலகையை ஆணியடித்து வைத்திருந்தார்களாம். வருஷா வருஷம் போய் ஏறி உட்கார்ந்தால் போதும். இனி பொதுநிலம். மாநிலத்துக்குச் சொந்தமாக ஏறத்தாழ 46 லட்சம் ஏக்கர் உண்டு. தேசியக் காடுகள் தனி. உரிமச்சீட்டு வைத்திருக்கும் எவரும் போகலாம். ஆனால் மரத்தில் ஆணி கூடாது, திருகிச் செருகும் படிகள் கூடாது. பரண் கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். செப்டம்பர் 1 முதல் மார்ச் 1 வரை விட்டுவைக்கலாம், பெயரும் முகவரியும் அதில் எழுதியிருந்தால். இருந்தாலும் விட்டுவைத்ததைத் திரும்பப் போய்ப் பார்க்கையில் அது அங்கேயே இருக்கும் என்று எந்தச் சட்டமும் உறுதி தரவில்லை. அதனால்தான் பலரும் விடிவதற்கு முன்னே சுமந்துபோய், இருட்டியதும் சுமந்து திரும்புகிறார்கள்.

கல்லாவிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வருகிறார். மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது. விற்கிற அவசரம் முகத்தில் இல்லை. ஏறு பரண் ஒன்றை எடுத்துக் கம்பத்தில் கட்டிக் காட்டுகிறார். இருக்கை ஒரு துண்டு, கால் வைக்கும் தட்டு ஒரு துண்டு. இரண்டிலும் மரத்தைச் சுற்றி வளைக்கும் கம்பிவடம். கையால் மேல்துண்டை உயர்த்தி, அதில் பாரத்தைப் போட்டு, பாதத்தால் கீழ்த்துண்டை இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். மறுபடி கை, மறுபடி கால்.

கீழ்த்தட்டு அண்ணாந்து நிற்பதைப் பார்த்து அப்பா அதைச் சமன்செய்யப் போகிறார். அம்மாள் அவர் கையைத் தட்டாத குறை.

"விடுங்க, அப்படித்தான் இருக்கணும். மரம் மேலே போகப் போகச் சிறுக்கும். கீழே சமமா வெச்சா, இருபதடிக்குப் போனதும் முன்பக்கம் சரிஞ்சிடும்."

இரண்டு துண்டுகளையும் இணைக்கும் ஒரு சின்னக் கயிற்றைச் சுண்டிக் காட்டுகிறார். அது இல்லாமல் கீழ்த்தட்டு காலிலிருந்து நழுவி அடிமரம் வரை போய்விட்டால், ஆள் மேலே இருக்கையில் தொங்கிக்கொண்டு சாமி கும்பிட வேண்டியதுதான். இவ்வளவு பெரிய இரும்புச் சாமானில் உயிர் இருப்பது அந்தக் கயிற்றில்தான் என்று தோன்றுகிறது.

"இதுக்கு நேரான மரம் வேணுமே. அந்த ஓடைப் பக்கம் எல்லாமே..." என்கிறாள் மகள்.

அப்பா ஒரு பார்வை பார்க்கிறார். அவள் வாயை மூடிக்கொள்கிறாள். இரண்டடி தள்ளி அம்புமுனைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தாடிக்காரர் இன்னும் அதிக அக்கறையோடு அம்புமுனைகளைப் பார்க்கிறார்.

அவள் கேட்டது சரியான கேள்வி. ஏறு பரணுக்குத் தந்திக்கம்பம் போன்ற மரம் வேண்டும். தாழ்ந்த கிளை ஒன்று குறுக்கிட்டாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். மாநில நிலத்தில் கிளையை வெட்டவும் முடியாது. ஆஸ்பன் மரம் தோது. ஏகார்ன் கொட்டைக்காக மான் தேடி வரும் ஓக் பெரும்பாலும் கோணல். ஷாக்பார்க் ஹிக்கரியின் பட்டை செதில் செதிலாகப் பெயர்ந்து சத்தம் போடும்.

அம்மாள் வாதாடவில்லை. அந்தப் பரணை மடித்து அப்பாவின் முதுகில் மாட்டிவிடுகிறார். ஏறத்தாழ 9 கிலோ. "கடையை நாலு சுத்து சுத்திட்டு வாங்க."

அவர் சிரித்துக்கொண்டே கிளம்புகிறார். தூண்டில் வரிசைக்குள் நுழைகையில் ஒரு விளிம்பு அலமாரியில் இடிக்கிறது. "டங்" என்ற ஓசை கடை முழுக்கக் கேட்கிறது. காட்டில் அந்த ஒரு சத்தத்துக்கு அன்றைய காலை முடிந்தது. இரண்டாம் சுற்றில் சிரிப்பு இல்லை. மூன்றாவதில் சட்டைக் காலருக்குக் கீழே ஈரம். இதில் வில், பை, குளிருடுப்பு எதுவும் சேரவில்லை. வியர்த்துப்போய் மேலே உட்கார்ந்தால் மானுக்கு வாடை போகும். வியர்வை ஆறும்போது குளிர் எலும்பைப் பிடிக்கும். வண்டி நிறுத்துமிடத்தின் பக்கத்திலேயே பெரும்பாலோர் உட்காருவதால், மானைப் பார்க்க நினைக்கிறவர் அவர்களைத் தாண்டி நடக்க வேண்டும். ஆக, பொதுநிலத்துப் பரணுக்கு மெத்தையைவிட நடைதான் முக்கியம். அதை விளம்பரத்தில் போட்டால் யார் வாங்குவார்கள்?

மகள் இதற்குள் தொங்கு பரணுக்குப் போய்விட்டாள். மரத்தோடு பட்டையால் இறுக்கும் சிறு மேடை. ஏறுவதற்கு நான்கு ஏறுகுச்சிகள் தனியாக. கோணல் மரத்திலும் கட்டலாம். குச்சிகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கெல்லாம் துணி டேப் சுற்ற வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். பக்கத்தில் சேணமும் இருக்கிறது: இடுப்பில் மாட்டி, கயிற்றில் சாய்ந்தபடி மரத்தோடு ஒட்டி இருப்பது. இளைஞர்களிடம் இப்போது அதற்குத்தான் மவுசு. எல்லாவற்றிலும் எடை குறைவு. அவள் அதைத் தூக்கிப் பார்த்து, மணிக்கணக்கில் தொங்குவதை யோசித்தாளோ என்னவோ, திரும்ப மாட்டிவிட்டாள்.

அம்மாள் உடல் வார்ப்பட்டையைக் கொண்டுவருகிறார். தொடை வார் முறுக்கிக்கொண்டிருக்கிறது. மகள் குனிந்து, நகத்தால் நெம்பி, முறுக்கை எடுத்து, கொக்கியில் நுழைத்து, இழுத்துப் பார்க்கிறாள். அம்மாள் மரத்தைச் சுற்றும் கயிற்றைக் கொடுக்கிறார்; தரையை விட்டுக் கால் எடுத்த நொடியிலிருந்து இறங்கும் வரை மாட்டியே இருக்க வேண்டும் என்கிறார். உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்களைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் மேடையில் கால் மாற்றும்போதும் விழுகிறவர்களே அதிகம். விழுந்து வாரில் தொங்கினாலும் ஆபத்து தீராது. காலில் ரத்தம் தேங்கும். மிதித்து எழுந்து நிற்க ஒரு கண்ணிப்பட்டை பையில் இருக்கிறது. அதை எடுத்து நீட்டியபோது மட்டும் அம்மாளின் குரல் கொஞ்சம் இறங்கியது.

அப்பா ஒரு குச்சியில் கால் வைக்கிறார். முழங்கால் மடங்க மறுக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இறங்கிவிடுகிறார்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? தரையில உட்கார்ந்தா மான் வராதா என்ன!"

முக்காலி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் வந்த நிம்மதி நடிப்பல்ல.

ஒரு தொங்கு பரண், நான்கு குச்சிகள், வார்ப்பட்டை, வில்லை மேலே இழுக்க ஒரு கயிறு, ஒரு முக்காலி. பெயர்த்தகட்டில் மகள் தன் பெயரையே எழுதுகிறாள். கோணாமல், கொட்டை எழுத்தில். அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார். தாடிக்காரரும் இப்போது வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்.

"எந்தப் பக்கம் போறீங்க?" என்கிறார் அம்மாள், பில் போட்டபடி.

"ஆத்துக்கு வடக்கே," என்கிறார் அப்பா.

"ரோட்டுக்குத் தெக்கே," என்கிறாள் மகள், அதே நொடியில்.

அம்மாள் சில்லறையை எண்ணி வைக்கிறார். "ரெண்டும் நல்ல இடம்தான்."